ருமேனியன்–ஹங்கேரியன் சுரங்க மொழிபெயர்ப்பு: முன்பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

'சுரங்கம், ரத்தினக்கல் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்த ஓர் ஏஜென்சியிடம் ருமேனியச் சுரங்க அறிக்கை ஒன்று ஹங்கேரியனாக்கப் போனது. பாதிப் பணம் முன்கூட்டியே. திரும்பி வந்ததில் சுரங்கத்தையே காணோம்.

ருமேனியச் சுரங்கத்தில் 'ஸ்டெரில்' என்றால் தாது இல்லாத கழிவுப் பாறை. ஹங்கேரியனில் 'மெத்தோ' என்று வர வேண்டும். 'ஸ்டெரில்' என்றே வைத்துவிட்டார்கள். அங்கே அது ஆஸ்பத்திரிச் சொல். கழிவு மேடு, கிருமி நீக்கிய மேடாகிவிட்டது! மலைச்சரிவில் படுக்கையாகக் குடையும் 'கலெரியே', 'தாரோ' ஆகாமல் ஓவியக்கூடமானது. செங்குத்துக் குழியான 'புட்ஸ்', 'அக்னா' ஆகாமல் தண்ணீர்க் கிணறானது.

குட்டு வெளிப்பட்டது பணத்தொகையால்தான். ருமேனிய 'மிலியார்ட்' 100 கோடி. ஹங்கேரியனிலும் 'மில்லியார்ட்' அதே 100 கோடி. வந்ததோ 'பில்லியோ', அதாவது ஒரு லட்சம் கோடி. மொழிபெயர்ப்பு மெஷின் முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'பில்லியன்' ஆக்கி, அதைப் பில்லியோ என்று இறக்கியிருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர் கையில் இந்தத் தப்பு வரவே வராது.

மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ருமேனிய நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் மொழிக்குத்தான், துறைக்கு அல்ல. மொழிபெயர்ப்பாளர் விவரப் பட்டியல்களில் 'சுரங்கம்' என்று இருப்பதும் பெரும்பாலும் அவரவரே டிக் அடித்தது.

பணம் தருமுன் உங்கள் ஆவணத்திலிருந்தே 200 சொல் கொடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன நான்கு சொற்களோடு கழிவுக் குழம்புக் குட்டையான 'யாஸ் தெ தெகன்தாரே'யும் இருக்கட்டும். 'ஸாஜ்தாரோஸோ' என்று வர வேண்டும். 2000 ஜனவரி 30-இல் ருமேனியாவின் பையா மாரேயில் இப்படி ஒரு குட்டை உடைந்து, சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஹங்கேரியின் திசா ஆறுவரை போனதிலிருந்து ஹங்கேரியில் அந்தச் சொல்லைத் தேடித்தான் படிப்பார்கள். ஊர்ப்பெயரையும் கவனியுங்கள்: பையா மாரே ஹங்கேரியர்களுக்கு நொஜ்பான்யா, ரோஷியா மொன்தானா வெரெஷ்பதாக்.

ஒன்று, சரியான சொல்லைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அக்னாவுக்குக் கண்ணிவெடி என்றும், கார்னெட் கல்லான 'கிரானாத்'துக்குக் கையெறி குண்டு என்றும் அகராதி காட்டும். சுரங்க ஆவணத்தில் அந்த இரண்டு சொல்லும் சரியே.

உரிம ஆவணமென்றால் 'எக்ஸ்ப்ளொராரே', 'எக்ஸ்ப்ளொவதாரே' இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். முதலாவது தேடிப் பார்க்கும் உரிமம், அடுத்தது வெட்டி எடுக்கும் உரிமம். ஹங்கேரியனில் 'குதத்தாஷ்', 'கிதெர்மெலேஷ்'. இவை இடம் மாறினால் வெறும் ஆய்வு உரிமம் வைத்திருப்பவர் சுரங்கமே நடத்தலாம் என்று ஆகிவிடும்.