பெரு விசா என்ற பெயரில் எங்களுக்கு விற்கப்பட்ட தாள்

2024 மே 7ஆம் நாள் அதிகாலையில், பெங்களூரு விமான நிலையத்தில் எடைத்தட்டில் ஏற்றிய என் அக்காவின் பெட்டியை மீண்டும் கீழே இறக்கினார்கள். நானும் என் மனைவியும் அக்காவும் ஐரோப்பா வழியாகப் பெருவின் தலைநகர் லிமாவுக்குச் செல்லவிருந்தோம். மூவரிடமும் ஒரே மாதிரியான ‘பெரு விசா’ இருந்தது; மூவரும் அதற்காக ஆளுக்கு 16,000 ரூபாய் கட்டியிருந்தோம். அப்படியிருக்க ஒருவர் மட்டும் ஏன் நிறுத்தப்பட்டார் என்பதை விரிவாக எழுதுகிறேன். இதே தாளுடன் இன்னும் சிலர் பயணத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்திருப்பதே இதை எழுதக் காரணம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சுற்றுலாவுக்காகப் பெரு செல்ல விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் விசாவோ உள்ள இந்தியர்களுக்குப் பெரு அரசு 2017 முதல் விலக்கு அளித்து வருகிறது. அவர்கள் விசா இன்றியே நுழைந்து 180 நாட்கள் வரை தங்கலாம். எங்கள் மூவரிடமும் பத்தாண்டு அமெரிக்க விசா இருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் அது முடியப் பல ஆண்டுகள் இருந்தன. அக்காவின் விசாவோ 2014இல் எடுத்தது. 2024 செப்டம்பரில் முடிகிறது. அதாவது லிமாவில் இறங்கும் நாளில் அதற்கு நான்கு மாத ஆயுள்தான் மிச்சம். ஆக, நானும் மனைவியும் விசாவுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க வேண்டியதில்லை. அக்கா மட்டும் தில்லியிலுள்ள பெரு தூதரகத்தில் முறையாக விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இது எதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதே உண்மை. எங்கள் பகுதியில் தென் அமெரிக்கப் பயணங்களை ஏற்பாடு செய்வதாக விளம்பரம் செய்யும் ஒரு முகவரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்திருந்தோம். அவர் எங்கள் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் அமெரிக்க விசாப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னார். வங்கிக் கணக்கு விவரம் கேட்கவில்லை, வேலைச் சான்று கேட்கவில்லை, எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. ஐந்தாம் நாளே ‘விசா வந்துவிட்டது’ என்று ஆளுக்கொரு பிடிஎஃப் கோப்பு அனுப்பினார். மகனைப் பார்க்க அமெரிக்கா செல்வதற்காக எத்தனை படிவங்கள் நிரப்பினோம், நேர்காணலுக்கு எத்தனை மாதம் காத்திருந்தோம் என்பதெல்லாம் நினைவிருந்தும், ஐந்து நாளில் ஒரு நாட்டின் விசா வந்ததை எண்ணி நாங்கள் வியந்தோமே தவிர, சந்தேகப்படவில்லை.

விமான நிறுவன ஊழியர் அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. கடவுச்சீட்டில் அமெரிக்க விசாவைப் புரட்டிப் பார்த்தார், கணினியில் தேதியைச் சரிபார்த்தார், எனக்கும் மனைவிக்கும் போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார். அக்காவின் முறை வந்தபோது சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார். விமான நிறுவனங்கள் ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தைக் கொண்டு ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதியையும் சரிபார்க்கின்றன; விதிக்கு உட்படாத பயணியை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும் என்பதால், அங்கே கெஞ்சுவதற்கு இடமில்லை. அப்போதுதான் அக்கா முகவர் தந்த தாளை நீட்டினார். மேற்பார்வையாளர் அதிலிருந்த கியூஆர் குறியைத் தம் கைபேசியில் பார்த்தார். அது பெரு அரசின் எந்தத் தளத்துக்கும் செல்லவில்லை. முகவரின் சொந்த இணையப் பக்கத்துக்குச் சென்றது.

அந்த நேரத்தில் முகவரின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க தம்பி, நான் வீட்டுக்குப் போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா தனியாக ஈரோட்டுக்குத் திரும்பினார். அவரை அனுப்பிவிட்டு விமானம் ஏறியது சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

இந்த ஏமாற்று எப்படி இத்தனை நாள் நீடிக்கிறது என்பதை விமானத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. எங்களைப் போல் பெருவுக்குச் செல்லும் வசதியுள்ள நடுத்தரக் குடும்பத்தினர் பலரிடம் ஏற்கெனவே அமெரிக்க விசா இருக்கிறது. அவர்களுக்குப் பெரு விசா தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றுக்குப் போலித் தாள் கொடுத்தால் அதை எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை, கேட்காத வரை அது போலி என்று யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. சென்று திரும்பியவர்கள் ‘ஐந்தே நாளில் விசா வாங்கிக் கொடுத்தார்’ என்று மனதார அவரைப் பரிந்துரைப்பார்கள். எங்களுக்கு அவரைப் பரிந்துரைத்த நண்பரும் அப்படிப்பட்டவரே. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. லிமாவிலும் குடிநுழைவு அதிகாரி அமெரிக்க விசாப் பக்கத்தைப் பார்த்து, எத்தனை நாள் தங்குவோம் என்று கேட்டதோடு சரி. அந்தத் தாள் என் கைப்பையில் மடித்தபடியே கிடந்தது.

முகவர் சொன்ன இன்னொரு அரை உண்மைக்கு நாங்கள் திரும்பி வரும்போது விலை கொடுத்தோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, ‘பெரு அதைக் கேட்பதில்லை சார்’ என்றார். பெரு கேட்பதில்லை என்பது உண்மைதான். மலைகளுக்குக் கிழக்கே 2,300 மீட்டருக்குக் கீழுள்ள காட்டுப் பகுதிகளுக்குச் செல்வோருக்கே அந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. நாங்கள் சென்ற குஸ்கோவும் மாச்சு பிச்சுவும் அதைவிட உயரத்தில் உள்ளவை. ஆனால் கேட்பது இந்தியா. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு மட்டும் ஊரெங்கும் இருக்கிறது. ஆகவே நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் நம் அரசு மிகக் கண்டிப்பாக இருக்கிறது. இந்தியாவின் பட்டியலில் பெரு முழு நாடாகவே இடம்பெற்றிருக்கிறது; நீங்கள் காட்டுக்குப் போனீர்களா, மலைக்குப் போனீர்களா என்ற கேள்விக்கே இடமில்லை. பிரேசில், கொலம்பியா, பொலிவியா, அர்ஜென்டினா ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு; சிலே இல்லை.

மே 19 அன்று லிமாவிலிருந்து கிளம்பி 21ஆம் தேதி பெங்களூருவில் இறங்கினோம். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்ட சுகாதார அலுவலர், தடுப்பூசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையைக் காட்டச் சொன்னார். எங்களிடம் இல்லை. நோயுள்ள நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆறு நாட்கள் முடியும்வரை தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்று விதியைக் காட்டி, கொசுவலை அடித்த அறைக்கு எங்களை அனுப்பினார்கள். 25ஆம் தேதி வரை அங்கேயே இருந்தோம். அலுவலர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையாகவே நடத்தினார்கள். மாச்சு பிச்சுவைப் பார்க்காத அக்காதான் எங்களுக்கு மாற்றுத் துணி கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஊசியைத் தனியார் மருத்துவர் எவர் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனம் அவற்றில் ஒன்று. போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் செல்லும். 60 வயது கடந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போடுவது நல்லது. ஊசியே இல்லாமல் அட்டை மட்டும் வாங்கித் தருவதாக முகவர் வேறொருவரிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த உதவியை எங்களுக்கு அவர் செய்யாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் முகவரை நேரில் பார்த்தேன். அவர் பதறவில்லை. நான் அதுவரை கவனித்துப் படிக்காத ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் ‘விசா’ என்ற சொல்லே இல்லை; ‘ஆவண உதவிச் சேவைக் கட்டணம்’ என்று இருந்தது. ‘விசா என்று பேச்சுக்குச் சொல்வதுதான் சார்’ என்றார். அக்காவின் விமானச் சீட்டு, தங்கும் விடுதி, ரயில், நுழைவுச்சீட்டு என ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய் போயிற்று; அதற்கு ஈடாக அடுத்த பயணத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அமெரிக்க விசா இருந்தால் தென் அமெரிக்கா முழுவதும் போகலாம், அடுத்து பிரேசிலுக்கு அனுப்புகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். பிரேசில் இந்தியர்களுக்கு அப்படி எந்த விலக்கும் தருவதில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர் ‘விசா வந்துவிட்டது’ என்று எழுதிய செய்திதான் எங்கள் முக்கியச் சான்று. நல்லவேளையாக மனைவி அதை அழிக்கவில்லை.

அந்தத் தாளின் அடையாளத்தைச் சொல்கிறேன். மேலே பெரு நாட்டுச் சின்னம், சுற்றிலும் சிவப்புக் கோடு, கீழே வலது மூலையில் கியூஆர் குறி, ஸ்பானிய மொழியில் இரண்டு வரி, உங்கள் கடவுச்சீட்டு எண். கையெழுத்திட்ட அதிகாரியின் பெயர் எங்கும் இருக்காது. இத்தகைய தாள் உங்களிடம் இருக்குமானால், உங்கள் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா முடியும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். பெருவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும், தில்லித் தூதரகத்துக்கு நீங்களே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.