ஆபரேசனுக்கு அப்புறம் ஒப்புட்டு (போளி): அறவே விடுவதா, வாரம் ஒரு நாளா, அளந்து ஒரு வாயா?

எடை குறைப்பு ஆபரேசன் செய்துகொண்டவர்களிடம் பலகாரத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மூன்று விதமாகத்தான் பதில் வரும். ஒரு கூட்டம் இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் ஆயுசுக்கும் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லும். இன்னொரு கூட்டம் ஆறு நாள் பத்தியம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஷ்டம்போல என்று வைத்திருக்கும். மூன்றாவது கூட்டம் எதையும் விலக்காது, ஆனால் சாப்பாட்டுக்குப் பின்னால் அளந்து ஒரு வாய், இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்ளும். நான் மூன்றாவது கட்சி. அது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று, ஆபரேசன் முடிந்து தண்ணி ஆகாரம், கூழ் பதம், குழைந்த சோறு என்று படிப்படியாக ஏறும் முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இது அதற்கப்புறம் வருகிற வருசங்களுக்கான கணக்கு.

எந்த ஆபரேசன் என்பதிலேயே பாதி பதில் மாறிவிடுகிறது. எனக்கு நடந்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒடுக்கமான குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டியெடுத்த பகுதியில்தான் சுரக்கும் என்பதால் ஆரம்பத்தில் பசியே இருக்காது, அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பும். என் மச்சானுக்குப் பைபாஸ். மேலே சுமார் 30 மில்லி பிடிக்கிற மாதிரி சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். அதனால் இனிப்பு மளமளவென்று குடலுக்குள் இறங்கி, 10 முதல் 30 நிமிடத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, சில நேரம் பேதியும் ஆகிவிடும். டம்பிங் என்பது இதைத்தான். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவதாக ஒரு சுற்றும் வரலாம், சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும். மச்சான் ஒருதரம் வெறும் வயிற்றில் கரும்புச் சாறு குடித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டார், அதோடு கரும்பு வண்டி இருக்கிற பக்கமே திரும்புவதில்லை. பைபாஸ் ஆன எல்லோருக்கும் இப்படி வரும் என்றில்லை, வந்தவர்களுக்கும் நாளாவட்டத்தில் குறையலாம். ஸ்லீவ்காரர்களுக்கு இது வருவது குறைவு. கேட்க நன்றாக இருந்தாலும், நம்மைத் தடுக்க உள்ளே ஆள் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இப்போது கட்சிகளுக்கு வருவோம்.

அறவே விடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, யோசிக்கவே வேண்டியதில்லை. ஒன்று எடுத்தால் டப்பா காலியாகும்வரை கை நிற்காது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதுதான் சரி, அவர்களிடம் போய் “ஒரு வாய் ஒன்றும் செய்யாது” என்று சொல்வது பாவம். ஆனால் நம்ம பக்கத்தில் இதைக் கடைப்பிடிப்பது லேசில்லை. நோம்பி, சீர், கெடா விருந்து, வளைகாப்பு என்று வருசம் முழுக்க யாராவது இலை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆறு மாதம் வைராக்கியமாக இருந்துவிட்டு ஏழாவது மாதம் தீபாவளியன்று கட்டு அறுந்தவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், அறுந்தபின் கார்த்திகை தாண்டியும் முடி போட முடியவில்லை அவர்களுக்கு.

வாரம் ஒரு நாள் என்பது ஜிம்முக்குப் போகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம், நம்ம வயிற்றுக்கு ஒத்துவராது என்று அடித்தே சொல்வேன். காரணம் எளிது. ஆபரேசன் ஆகாதவர் ஞாயிறு மத்தியானம் ஒரே வேளையில் பிரியாணி, ஐஸ்கிரீம் என்று முடித்துவிட்டு ராத்திரி பட்டினி கிடப்பார். நமக்கு ஒரே வேளையில் அவ்வளவு இறங்காது. அதனால் என்ன ஆகும், பத்து மணிக்குக் கொஞ்சம், பதினொன்றுக்குக் கொஞ்சம், மூன்று மணிக்கு மிச்சம் இருந்தது என்று நாள் பூராவும் கொறிப்பதாகிவிடும். எடை திரும்ப ஏறுவதற்கு இந்தக் கொறிப்புப் பழக்கத்தைவிடச் சுலபமான வழி கிடையாது, வாராவாரம் அதற்கு ஒரு நாள் ஒத்திகை பார்ப்பானேன்? பைபாஸ்காரர்களுக்கு அந்த ஞாயிறு கழிப்பறையிலேயே போய்விடும் என்பது தனி.

அளந்து ஒரு வாய் என்பதிலும் குழி இருக்கிறது. “அளந்து” என்பது போகப்போக “தினமும்” ஆகிவிடும். அதனால் இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டால்தான் இது உருப்படும். முதலாவது, புரதம் முதலில். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாக எல்லா டயட்டீசியன்களும் சொல்வது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்து எண்ணிப் பாருங்கள், அந்தச் சின்ன வயிற்றில் இதற்கே இடம் தேட வேண்டும். முட்டையோ கறியோ கொள்ளுக் கடைசலோ இறங்கியபிறகு மிச்சமிருக்கும் இடம்தான் பலகாரத்துக்கு. வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிட இப்படிச் சாப்பிடும்போது இனிப்பு கொஞ்சம் நிதானமாக இறங்கும். இரண்டாவது, பலகாரம் வீட்டில் இருப்பு வைக்கக்கூடாது. போன இடத்தில் சாப்பிட்டோமா, கையைக் கழுவினோமா என்று வந்துவிட வேண்டும்.

சரி, எதைச் சாப்பிடுவது என்று வந்தால் பெரும்பாலானவர்கள் இனிப்பைத்தான் வில்லனாக்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒப்புட்டையும் முறுக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்புட்டில் கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த கனமான பூரணம், மேலே ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய் ஒரு சொட்டு. கல்லிலிருந்து எடுத்ததை நாலாகக் கிழித்து, ஓரம் மொறுமொறுவென்று இருக்கிற ஒரு துண்டை மட்டும் மெல்ல மென்று சாப்பிட்டால் அடுத்த துண்டுக்குப் போகும்முன் நெஞ்சுக்குழியில் போதும் என்ற அழுத்தம் வந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டிய சமிக்ஞை. முறுக்கும் மிக்சரும் அதைக் கொடுப்பதே இல்லை. வாயிலேயே கரைந்து மாவாகி, குழாய் வழியே வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் டீ இருந்தால் கேட்கவே வேண்டாம், அதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். சாப்பாட்டோடு தண்ணி குடிக்காதே, அரை மணி நேரம் பொறு என்று சொல்வதெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான். அரைக்கால் கிலோ முறுக்கு தின்ற பிறகும் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. ஐஸ்கிரீமும் இந்த ரகம்தான். ஒப்புட்டா முறுக்கா என்றால் என் ஓட்டு ஒப்புட்டுக்கு. பைபாஸ் ஆகி டம்பிங் வருகிறவர்கள் மட்டும் இந்த ஓட்டில் சேர வேண்டாம்.

நாட்டுச்சர்க்கரையா வெள்ளைச் சர்க்கரையா என்று ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, வாசமும் ருசியும் வேறு எதிலும் வராது, அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் கலோரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, டம்பிங்குக்கும் எது நாட்டு, எது வெள்ளை என்று தெரியாது. ருசிக்காக வாங்குங்கள், மருந்து என்று நினைத்து இரண்டு கரண்டி சேர்த்துப் போடாதீர்கள். சுகர்ஃப்ரீ மைசூர்பாவும் அப்படித்தான், சர்க்கரை போனாலும் நெய் அப்படியே இருக்கும். போதாததற்குச் சர்க்கரைக்குப் பதில் மால்டிடால், சார்பிடால் போட்டிருந்தால் வயிறு உப்பிக் கடமுடா என்று ஆகிவிடும். ஒரு துண்டின் ஓரத்தைக் கிள்ளிச் சாப்பிடுவதென்றால் அசல் மைசூர்பாவையே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

காரத்துக்கு வந்தால் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சாயந்தரம் ரோட்டோரக் காளான் வாசம் ஒரு சோதனை. பேர்தான் காளான், உள்ளே பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும் எண்ணெயில் பொரித்து மசாலாவில் பிசைந்தது, புரதம் என்று தேடினால் கிடைக்காது. அதற்கு எதிரில் பள்ளிபாளையம் சிக்கனை வையுங்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கோழி, அவ்வளவுதான். எண்ணெய் இருக்கிறது, உண்மை. ஆனால் நூறு கிராம் வெந்த கோழியில் 25 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதால் பலகாரமாகவும் ஆச்சு, சாப்பாடாகவும் ஆச்சு. மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள், ஸ்லீவ்காரர்களுக்கு நெஞ்செரிச்சல் சுலபமாக வரும். கறித்துண்டை அவசரமாக விழுங்கினால் அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணி வந்துவிடும் என்பதால் இருபது தடவையாவது மெல்ல வேண்டும். சேலத்துத் தட்டுவடை செட் இரண்டுக்கும் நடுவில். கேரட்டும் பீட்ரூட்டும் இருப்பதால் ஒன்றை மன்னித்துவிடலாம், ஆனால் தட்டு நிறைய வாங்கக்கூடாது.

புரட்டாசி கொஞ்சம் கஷ்டமான மாதம். கறி, முட்டை எல்லாம் நின்றுவிடும், அந்த இடத்தில் சோறும் பலகாரமும் வந்து உட்காரும். அந்த மாதத்துக்கு நவராத்திரிச் சுண்டல் கைகொடுக்கும். ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அடுத்த நாள் தட்டைப்பயிறு. வேகவைத்த கள்ளக்காயையும் (நிலக்கடலை) இதே வரிசையில் சேர்க்கிறேன். கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் ஆகாதுதான். ஆனால் ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட வேண்டியிருப்பதால் அந்த ஒரு கைப்பிடியே அரை மணி நேரம் ஓடும். கடையில் விற்கும் புரோட்டீன் பாரைவிட எனக்கு இது எவ்வளவோ மேல், விலையும் கம்மி.

பானத்தில் ஒரே வார்த்தை, இளநீர் பரவாயில்லை, சாப்பாட்டுக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாக. சோடா, கோலா வேண்டாம். சரக்கு என்றால் பைபாசிலும் ஸ்லீவிலும் முன்னைவிட வேகமாகத் தலைக்கு ஏறும், பழைய அளவை நம்பி வண்டி எடுக்கக்கூடாது.

டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்ம ஊரில் பேக்கரிதான் டீக்கடை, நாலு பேரைப் பார்த்தால் நாலு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சாயந்தரத்துக்குள் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இறங்கிவிடும், ஒரு ஒப்புட்டின் பூரணத்தில் இருக்கும் வெல்லம் அநேகமாக இதைவிடக் குறைவு. கூடவே தேங்காய் பன். எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது என்று பதறுகிறவர்கள் நோம்பிக்குச் சாப்பிட்ட ஒப்புட்டைப் பழிப்பார்கள், டீயைச் சந்தேகப்படவே மாட்டார்கள். ஒப்புட்டு நாலு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, டீ தினமும் வருகிறது.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் இலையில் முதலில் விழுவதே இனிப்பு. அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பருப்பு, பொரியல், கறி விருந்தானால் கறி என்று முடித்துக் கடைசியில் அதற்கு வர வேண்டும். வரும்போது பாதிதான் இறங்கும், மீதி இலையிலேயே கிடக்கட்டும். இதற்குள் அத்தை யாராவது வந்துவிடுவார்கள். “ஒரு ஒப்புட்டுல என்ன கண்ணு ஆயிரப்போகுது, சாப்புடு சாமி.” “போதுங்கத்தை, வயிறு ரொம்பிருச்சுங்க.” இந்தப் பதிலுக்கு யாரும் அடங்கமாட்டார்கள். “சுகருங்க” என்றால் அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். ஆபரேசன் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள், எவ்வளவு ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, முடி கொட்டுதா என்று பாயசம் ஆறும்வரை விசாரணை நடக்கும்.

தீபாவளிக்கு வந்து குவிகிற பெட்டிகளை என்ன செய்வது என்று வருசாவருசம் வீட்டில் பேச்சு வரும். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு மீதியை அன்று சாயந்தரமே வேலைக்கு வருகிறவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால் மிக்சர் பாக்கெட்டை முதலில் அனுப்பிவிடுங்கள், மைசூர்பா பெட்டி ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.