'முழு செட், அசல், மிக நல்ல நிலை' என்று விற்கப்படும் சிகரெட் அட்டைகள்: வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை

ஜான் பிளேயர் நிறுவனம் 1913-ல் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்து வெளியிட்ட 'கிரைஸ் ஆஃப் லண்டன்' வரிசையில் மொத்தம் 25 அட்டைகள். லண்டன் தெருக்களில் கூவி விற்றவர்களின் வண்ணப் படங்கள். அந்த வரிசை "முழுமையானது, அசல், மிக நல்ல நிலை" என்ற விவரத்தோடு பிரிட்டனில் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் 60 பவுண்டுக்கு வந்தது. பணம் செலுத்தி, பார்சலும் வந்து சேர்ந்தது. உள்ளே எண்ணிக்கைக்கு 25 அட்டைகள் இருந்தன. அவற்றில் குறையில்லாத அசல் 11 மட்டுமே. 4 அட்டைகளின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. 2 அட்டைகள் ஆல்பத்திலிருந்து தண்ணீரில் ஊறவைத்து எடுக்கப்பட்டவை. மீதி 8-ம் நகல்கள். போதாததற்கு 9-ஆம் எண் இரண்டு முறை இருந்தது, 18-ஆம் எண் இல்லவே இல்லை.

விளம்பரப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால், ஏமாற்று அங்கேயே தொடங்கியிருக்கிறது. அட்டைகளை விசிறி போல ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து எடுத்த ஒரே படம். ஓரங்களும் மூலைகளும் பாதி மறைந்திருக்கின்றன. பின்பக்கத்துக்கு ஒரேயொரு அட்டையின் படம், அதுவும் நல்ல அட்டை. எண் அச்சாகியிருப்பது பின்பக்கத்தில்தான். அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எந்த எண் குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. "முழு செட்" என்று எழுதியிருந்தால் அட்டைகளை எண்ணாதீர்கள், எண்களைச் சரிபாருங்கள். எல்லா அட்டைகளின் முன், பின் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேனர் இல்லை, நேரமில்லை என்று பதில் வந்தால் அந்த விற்பனையை விட்டுவிடுங்கள்.

நகல்களைக் கண்டுபிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெறும் கண்ணுக்கு அந்த எட்டும் அழகாகவே இருந்தன, ஓரங்களில் பழுப்புகூட ஏறியிருந்தது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை முதலில் படத்தின் மேல் வைக்க வேண்டாம், பின்பக்கத்தின் பொடி எழுத்தின் மேல் வையுங்கள். அசல் அட்டையில் எழுத்து ஒரே மையில் நேரடியாக அச்சானது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் திட்டமாக, நிரம்பிய மையாகத் தெரியும். நகல் என்பது ஸ்கேன் செய்த படத்தின் மறு அச்சு. அதில் எழுத்தும் படத்தைப் போலவே புள்ளிகளாக உடைந்திருக்கும். இந்த எட்டிலும் எழுத்தின் விளிம்பில் நீலமும் சிவப்புமாகத் தூசி போலப் புள்ளிகள் தெரிந்தன. பிளேயர் பெயருக்குக் கீழே 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் கிளை' என்று வரும் பொடி வரியில் உள்ள ஆங்கில எழுத்துகளின் நடுவே இருக்க வேண்டிய வெற்றிடங்கள் அடைத்துப்போயிருந்தன. அடுத்ததாகப் படத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கல்லச்சுப் படத்தில் நிறங்கள் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். புள்ளிகள் இருந்தாலும் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும், நடுநடுவே நிரப்பிய வண்ணப் பரப்பும் இருக்கும். நகலில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்களைப் போல ஒரே சீராக வரிசை கட்டும். ஆனால் 1930-களின் அட்டைகளை இந்தப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அப்போது புள்ளி அச்சு முறையும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எழுத்துச் சோதனைதான் எல்லாக் காலத்துக்கும் நம்பகமானது.

இரண்டாவது கருவி 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் வேதிப்பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. இருட்டறையில் டார்ச் அடித்தால் அசல் அட்டை மங்கலாகக் கிடக்கும், இன்றைய காகிதம் பளீரென்று நீல வெள்ளையாக மின்னும். எட்டில் ஆறு மின்னின. ஓரத்தில் ஏறியிருந்த பழுப்பு தேநீரில் தோய்த்தது. அந்தக் கறை மின்னலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துமே தவிர முழுதாக மறைக்காது. மீதி இரண்டும் மின்னவில்லை, அவை வெளுப்பான் சேர்க்காத காகிதம். ஆகவே மின்னினால் சந்தேகப்படுங்கள், ஆனால் மின்னவில்லை என்பதற்காக அசல் என்று நம்பிவிடாதீர்கள். இயல்பான பழுப்பு ஓரத்தில் அடர்ந்து, உள்ளே போகப்போக மங்கும். தோய்த்த பழுப்பு திட்டுத்திட்டாகவோ எங்கும் ஒரே சீராகவோ இருக்கும்.

ஓரம் வெட்டப்பட்டவற்றைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை. பிளேயர், வில்ஸ் போன்ற பிரிட்டிஷ் சிகரெட் நிறுவனங்களின் சாதாரண அட்டைகளின் அளவு ஏறத்தாழ 68 மி.மீ. உயரம், 36 மி.மீ. அகலம். 25 அட்டைகளையும் ஒரு கட்டாகச் சேர்த்து, மேஜையில் மெல்லத் தட்டிச் சமமாக்கி, மேல் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். வெட்டப்பட்ட அட்டை இருக்கும் இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கும். கட்டைத் திருப்பி நான்கு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும். ஆலையில் வெட்டும்போதே சிறிய ஏற்றத்தாழ்வு வருவதுண்டு, அதனால் அரை மில்லிமீட்டர் குறைவை வைத்து மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் படப்பரப்பில் தேய்மானமும் கீறலும் இருக்க, மூலைகள் மட்டும் கத்தி போலக் கூர்மையாகவும், விளிம்பு புதிய வெள்ளையாகவும் இருந்தால் அது வெட்டியதுதான். மழுங்கிய மூலையை மறைக்கத்தான் வெட்டுகிறார்கள். தேய்ந்த மூலையோடு இருக்கும் அட்டை நேர்மையானது, அதற்கேற்ற விலைக்கு மகிழ்ச்சியாக வாங்கலாம். வெட்டிய அட்டையின் மதிப்பு திரும்பி வராது. வெட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரும் விலைக்குப் போன ஓர் அட்டையே உதாரணம். டி206 என்று அழைக்கப்படும் அமெரிக்க பேஸ்பால் சிகரெட் அட்டை வரிசையில், ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டைகளில் தரச்சான்று பெற்ற மிகப் புகழ்பெற்ற பிரதியின் ஓரத்தை வெட்டியதாக, அதை விற்ற பில் மாஸ்ட்ரோவே 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தரச்சான்றோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பதாலேயே ஓர் அட்டை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது.

ஊறவைத்து எடுத்த அட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் போதும். மேல்பளபளப்பு போயிருக்கும், அட்டை லேசாக அலையடிக்கும், பின்பக்க எழுத்தின் நடுவே காகிதம் உரிந்த சொரசொரப்பான இடம் தெரியும். ஈர விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், நல்ல அட்டையும் கெட்டுவிடும். சட்டமிட்டு விற்கும் செட்டுகளிலும் இதே ஆபத்து உண்டு. பலவற்றில் அட்டைகளைப் பின்அட்டையோடு பசை போட்டே ஒட்டியிருப்பார்கள்.

"விக்டோரியா காலத்து அட்டை" என்ற விளம்பரத்துக்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி உருவானது 1901-ன் கடைசியில். விக்டோரியா இறந்ததும் அதே ஆண்டு ஜனவரியில். பின்பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால் அது விக்டோரியா காலத்தது அல்ல. 1930-களின் வரிசைகளை "மிக அரிது" என்று விற்பதும் அதே போன்ற புரட்டுதான். அவை லட்சக்கணக்கில் அச்சாகி, ஆல்பங்களில் பத்திரமாகத் தங்கியவை. படங்கள் அருமையானவை, விலைதான் பொய்.

குறைகளைச் சொன்னதும் விற்றவர் முதலில் "நான் தனிநபர், திரும்ப எடுக்க மாட்டேன்" என்றார். ஆனால் தளத்தில் அவருடைய விற்பனைப் பக்கத்தில், ஒரு வணிகரைப் போல நூற்றுக்கணக்கான செட்டுகள் விற்பனைக்கு இருந்தன. பிரிட்டனில் வணிகரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் வாங்குவதை ரத்து செய்யலாம். தனிநபர் என்றாலும், விவரத்துக்கு மாறான பொருளை அனுப்பினால் தளத்தில் புகார் செய்ய வழியுண்டு. பார்சலைப் பிரிக்கும்போதே படம் பிடித்தது இங்கே உதவியது. லென்ஸ் வழியே எடுத்த எழுத்துப் படங்களும் ஒவ்வொரு அட்டையின் அளவும் எழுத்துமூலம் போனதும் முழுத் தொகை திரும்பி வந்தது. செட்டும் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரத்தில் அதே 25 அட்டைகள் வேறொரு பெயரில், அதே விசிறிப் படத்தோடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன. 7-ஆம் எண்ணில் இடது கீழ்மூலையில் அரைவட்டமாக ஒரு மடிப்பு இருக்கும். 21-ஆம் எண்ணின் பின்பக்கத்தில் நடுவே, அவரை விதை அளவுக்குக் காகிதம் உரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்த செட் கண்ணில் பட்டால், 18-ஆம் எண்ணின் பின்பக்கப் படத்தை முதலில் கேளுங்கள்.