ஐ5-13400: கல்யாண வீடியோ எடிட்டிங்கில் ஒரு வருஷம்

திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் இன்டெல் கோர் ஐ5-13400 ப்ராசசர் போட்டு ஒரு மெஷின் கட்டினேன். எனக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் வாங்கச் சொன்ன காரணம் ஒன்று, உதவியது வேறொன்று.

பாண்டியில் ஒரு கடையில் கொட்டேஷன் கேட்டேன். ஐ5-க்கு நேராக ‘10 கோர்’, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி-க்கு நேராக ‘6 கோர்’. கோர் என்றால் சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி. “பத்து பெருசா, ஆறு பெருசா, நீங்களே சொல்லுங்க சார்” என்றார் விற்பவர். அந்தப் பத்தில் 6 தான் பெரிய கோர், மீதி 4 சின்னது என்பதை அவர் சொல்லவில்லை. பெரிய கோருக்கு இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), சின்னதற்கு ஒன்று, மொத்தம் 16. இன்டெல் தன் இணையதளத்தில் இதைப் பிரித்தே போட்டிருக்கிறது. ரைசனில் ஆறும் ஒரே மாதிரி, 12 த்ரெட்.

இந்த எண்ணிக்கைச் சண்டை பழையது. 2005-லேயே ஏஎம்டி பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, டூயல் கோரில் மோதிப் பார்க்கலாமா என்று இன்டெலைக் கூப்பிட்டது. அதே ஏஎம்டி 2011-ல் எஃப்எக்ஸ் சிப்பை ‘8 கோர்’ என்று விற்றது. அதில் இரண்டிரண்டு கோருக்கு ஒரே ஃப்ளோட்டிங் பாயின்ட் யூனிட் (தசம எண் கணக்குப் போடும் பகுதி). அதை எப்படி 8 என்று எண்ணலாம் என்று வழக்கு நடந்து, 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுக்க ஏஎம்டி ஒப்புக்கொண்டது.

சரி, வேலைக்கு வருவோம். என் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265-ல் பதிவு செய்கிறது. நிறத் தகவல் அதிகம் உள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை அது; ஓட்டும்போது மெஷின் அதைப் பிரித்தாக வேண்டும். பழைய மெஷினில் மூன்று கேமராவையும் அடுக்கிவிட்டு தாலி கட்டும் இடத்துக்குப் போனால், கெட்டிமேளம் காதில் கேட்கும், படம் மட்டும் மாப்பிள்ளை கை பாதி தூக்கிய நிலையில் நின்றுவிடும். இப்போது மூன்றாவது முடிச்சு வரை தடங்கலே இல்லை. இது பத்து கோர் செய்த வேலை இல்லை. சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்று ஒரு பகுதி உண்டு. இந்த வகை ஃபைலை அதுதான் பிரித்துக் கொடுக்கிறது. 5600ஜி-யில் 4:2:2-க்கு அந்த வசதி கிடையாது. எனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இதுதான்.

நீங்களும் இதற்காகவே வாங்குவதாக இருந்தால் 13400எஃப் வேண்டாம். எஃப் போட்டதில் கிராஃபிக்ஸே வராது.

அப்புறம் யூபிஎஸ். 65 வாட் என்பது இந்தச் சிப் இழுக்கும் மின்சாரத்தின் அடிப்படைக் கணக்கு. முழு வேகத்தில் 148 வரை போகலாம் என்று இன்டெலே குறிப்பிட்டிருக்கிறது. சிப்புக்கு மட்டும் 148-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கலாம்.