118 கிலோவில் மறுபடி சைக்கிள்: டர்பனில் 16 மாத அனுபவம்

பள்ளிக்கூடத்தோடு விட்ட சைக்கிளை 44 வயதில், 118 கிலோ எடையில் திரும்ப எடுத்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. இப்போது 103 கிலோ.

வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில். எந்தத் தெருவில் திரும்பினாலும் மேடு, முதல் நாளே நூறு மீட்டரில் இறங்கித் தள்ளினேன். சரி என்று மறுவாரம் அண்ணன் வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கடற்கரைக்குப் போனேன். தெற்கு முனையில் உள்ள உஷாகா கடல் பூங்காவிலிருந்து வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் வரை சமதளம், கார் பயம் கிடையாது. காற்றை மட்டும் பார்க்க வேண்டும். வடகிழக்குக் காற்று வீசினால் உஷாகாவில் தொடங்குவேன், தென்மேற்கு என்றால் புளூ லகூனில், அப்போதுதான் தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று.

நான்காம் மாதம் மோசஸ் மபிடா ஸ்டேடியம் பக்கம் போகும்போது 'டங்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் கோணி பிரேக் கட்டையில் உரசியது. செயின் பக்கத்துச் சக்கரக் கம்பி (ஸ்போக்) ஒன்று, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் வளைகிற இடத்தில் அறுந்திருந்தது. கடையில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினார்கள். மூன்று வாரத்தில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. உங்கள் எடைக்கு இது தாங்காது, புது சைக்கிள் வாங்குங்கள் என்றார்கள். அன்றைக்கு மனசு விட்டுப்போச்சு.

கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர், ஆயுசு முழுக்க சைக்கிள் ரிப்பேர் பார்த்தவர், சக்கரத்தைக் கொண்டுவரச் சொன்னார். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். ஒன்று கணீர் என்றது, பக்கத்தில் இருந்தது மந்தமாக. "தம்பி, எல்லாக் கம்பியும் ஒரே இழுப்பில இல்ல. தளர்ந்தது ஒவ்வொரு சுத்துக்கும் அசைஞ்சு அசைஞ்சுதான் அறுந்துபோகுது" என்றார். 36 கம்பி போட்ட பின்சக்கரம் ஒன்றை அவர் கையாலேயே கோட்டம் எடுத்துக் கட்டித் தந்தார். அதற்கப்புறம் ஒரு கம்பிகூட அறுந்ததில்லை. கனமான உடம்பென்றால் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் பின்சக்கரத்தில் பிடிக்காதீர்கள்.

முட்டி வலிக்குக் காரணம் எடை என்றே நினைத்திருந்தேன், ஆனால் காரணம் சீட் உயரம். விழுந்துவிடுவோமோ என்று தாழ்வாக வைத்திருந்தேன். குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அந்த அளவுக்கு உயர்த்தியதும் இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. மெத்தென்ற அகல சீட்டும் வேண்டாம். அரை மணியில் மரத்துப்போகும், தொடையும் உரசும். உட்காரும் எலும்பைத் தாங்குகிற அகலத்தில் கொஞ்சம் கெட்டியான சீட், உள்ளாடை இல்லாமல் போடும் பேட் வைத்த ஷார்ட்ஸ், இது போதும்.

உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், வந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் அமாஷோவா சைக்கிள் பந்தயம் 106 கிலோமீட்டர். நான் ஒரே மூச்சில் ஓட்டியது 42 வரை. வீட்டு மேட்டில் கடைசி வளைவுக்கு மட்டும்தான் இப்போது இறங்கித் தள்ளுகிறேன்.