‘கம்பெனி புக்கிங்’ டிக்கெட் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கோலாலம்பூரில் மேடை இசை நாடகங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். இடைவேளையில் காப்பி வரிசையில் நின்றால் தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்படும். இந்த நெருக்கத்தையே முதலாகப் போட்டு ஒருவர் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வியாபாரம் பார்த்திருக்கிறார். ஒரே டிக்கெட்டைப் பல பேருக்கு விற்றுக் காசை வாங்கிக்கொண்டு, எல்லாரையும் வாசலில் நிற்க வைத்துவிட்டார். காவல் துறையில் புகார் கொடுத்தாயிற்று. விசாரணை நடப்பதால் ஆளின் பெயரையும் நாடகத்தின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் வேலையை எப்படிச் செய்தார் என்பதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிகழ்ச்சிகளுக்கும், செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005இல் திறந்த கேஎல்பேக் அரங்குக்கும் போய் வந்துகொண்டிருந்த சிலர் சேர்ந்து தொடங்கியது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த செந்தூல் அக்கா ஒருவர் இருக்கிறார். “எங்கப்பா வேர்வை சிந்தின இடத்துல நாம ஏசியில உட்கார்ந்து பாட்டு கேக்குறோம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்போம். 2019இல் ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ இஸ்தானா புடாயா தேசிய அரங்குக்கு வந்தபோது சரவிளக்கு விழுகிற இடத்தில் கத்தியது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இசை நாடகம் வெள்ளைக்காரன் சரக்கு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பழைய தமிழ் இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளையும் மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்துவிடுவார். கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே போய்ச்சேர்ந்தவர். எங்கள் பெரியவரைப் பொறுத்தவரை அவருக்கு அப்புறம் யாருக்கும் தொண்டையே இல்லை.

அடுத்த நிமிடமே பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம். மகள் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறாள், கணக்குக்கு நல்ல டியூஷன் வாத்தியார் யாராவது உண்டா? மாமியாருக்கு முட்டி வலி, செந்தூலில் எந்த வைத்தியர்? நாடகம் பாதி, வீட்டு விஷயம் பாதி. அதனால்தான் குழு நிலைத்தது. அந்த ஆள் நுழைந்ததும் அதே வழியில்தான்.

அவரை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் தம்பி என்றே எழுதுகிறேன். யாரோ சேர்த்துவிட்டார்கள், யார் என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். வந்ததிலிருந்து டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காலையில் “பசியாறியாச்சா அக்கா?” என்று குரல் பதிவு வரும். பெரியவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது தினமும் விசாரித்தது தம்பி ஒருவர்தான். நாடக விஷயத்திலும் கெட்டிக்காரர். ரகுமானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டன் அப்போலோ விக்டோரியா தியேட்டரில் அரங்கேறியது, 2006 முதல் அதே மேடையில் ‘விக்கெட்’ (Wicked) இசை நாடகம் ஓடுகிறது என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். லண்டனில் படித்தபோது இரண்டையும் நேரில் பார்த்தாராம். தகவல் உண்மையா என்று நான் தேடிப் பார்த்தேன், உண்மைதான். தகவல் உண்மை என்பதற்கும் ஆள் லண்டன் போனார் என்பதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தகவலை எடுக்க எனக்கு ஆன நேரம்தான் அவருக்கும் ஆகியிருக்கும்.

முதலில் ஒரு சின்ன நாடகம். செந்தூலில் நடந்தது. “என் கம்பெனிக்கு ரெண்டு சீட் மீதி இருக்கு, யாருக்காவது வேணுமா?” என்று போட்டார். இரண்டு பேர் வாங்கினார்கள், அசல் டிக்கெட்டே வந்தது, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படமும் அனுப்பினார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைவு. இதில் தம்பிக்குக் கைநட்டம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த இருபது வெள்ளியில் அவர் வாங்கியது குழு முழுவதின் நம்பிக்கையை.

அப்புறம்தான் இஸ்தானா புடாயாவில் பெரிய நாடகம் வந்தது. நடுப்பகுதி இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. வெளியில் 388 வெள்ளி விலை. தம்பி 280 என்றார். கம்பெனி மொத்தமாக எடுத்து வைத்த இருக்கைகள், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மீதி, ‘கம்பெனி புக்கிங்’ என்று விளக்கம். நூறு வெள்ளிக்குக் கொடுத்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். கம்பெனிக் கழிவு என்றால் நம்பத் தோன்றுகிற அளவுக்குத்தான் குறைத்திருந்தார். குழுவில் பொதுவாகப் போடாமல் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். “கொஞ்சம்தான் இருக்கு, மத்தவங்களுக்குத் தெரிஞ்சா சங்கடம்” என்றார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

காசு கட்டியது டூயிட்நவ் என்கிற உடனடிப் பணப் பரிமாற்றம் வழியாக. தொலைபேசி எண்ணைப் போட்டதும், உறுதி செய்வதற்கு முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் வரும். தம்பியின் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, “எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட் அண்ணே” என்று பதில். கம்பெனிக்குப் போகிற காசு எதற்காகத் தனியாள் கணக்குக்குப் போக வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு, “கணக்கு மூடுற நேரம், ரசீது பிறகு வரும்” என்று சொல்லப்பட்டது. இன்னொரு விஷயத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ‘டிக்கெட்’ என்று போடாதீர்கள், ‘மக்கான்’ (மலாயில் சாப்பாடு) என்று போடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார். கம்பெனித் தணிக்கையில் கேள்வி வருமாம். பிறகு எங்கள் எல்லாருடைய வங்கி அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஒரே பெண்ணின் பெயருக்கு ஆளாளுக்கு 560 வெள்ளிக்குச் சாப்பாடு போட்டிருக்கிறோம்.

டிக்கெட் பிடிஎஃப் கோப்பாக வந்தது. வரிசை, இருக்கை, நேரம், கியூஆர் கட்டம் எல்லாம் இருந்தன. கீழே ஆர்டர் எண்ணும் வாங்கியவர் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. “கம்பெனி ரகசியம்” என்றார்.

இஸ்தானா புடாயாவில் உடைக் கட்டுப்பாடு உண்டு, ஜீன்ஸும் சிலிப்பருமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் அன்றைக்கு எல்லாரும் பாத்திக்கும் பட்டுச் சேலையுமாக வந்திருந்தோம். வாசலில் நின்ற மலாய்ப் பெண் என் தொலைபேசியை ஸ்கேன் செய்தார், சிவப்பு விளக்கு. இரண்டாம் முறை செய்தார், மறுபடியும் சிவப்பு. “இது ஏற்கெனவே உள்ளே போயாச்சு அங்கிள்” என்று மெதுவாகச் சொல்லி, ஓரமாக இருந்த மேசைக்கு அனுப்பினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த மேசையில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு தம்பதி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் காஜாங் ஆசிரியை ஒருவரும் அவர் மகளும் வந்தார்கள். அப்புறம் செந்தூல் அக்கா. எல்லாருடைய தொலைபேசிகளையும் மேசையில் வரிசையாக வைத்தோம். எஃப் வரிசை 22, 23. எஃப் வரிசை 22, 23. ஆசிரியையின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கோப்பைத் திறந்து அந்த வெள்ளைப் பட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்திருக்கிறது! நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினாள், ஆர்டர் எண் வந்துவிட்டது, கூடவே ஒரு பெயரும். எங்கள் எல்லாருடைய கோப்பிலும் அதே எண், அதே பெயர். தம்பி இரண்டே இரண்டு அசல் டிக்கெட் வாங்கி, அதன் கோப்பை எட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நுழைவாயிலில் ஒரு கியூஆர் ஒருமுறைதான் வேலை செய்யும், முதலில் வந்தவருக்கு இருக்கை.

முதலில் வந்தவர்கள் யார் என்றும் பிறகு தெரிந்தது. சிரம்பான் தம்பதி, வாசல் திறந்ததுமே உள்ளே போய்விட்டார்கள். அவர்களும் தம்பியிடம் 560 கட்டியவர்கள்தான். “அருமையான நாடகம், அருமையான இருக்கை” என்று அன்றிரவே முகநூலில் படம் போட்டிருந்தார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, இருந்தாலும் அந்தப் படத்துக்கு விருப்பக்குறி போட என் கை வரவில்லை. அக்கா மட்டும் கவுன்டரில் மேல்மாடி டிக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்கள் டிட்டிவங்சாவில் மோனோரயில் ஏறிப் பட்டுச் சேலையோடு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

ஏமாற்றிவிட்டு ஓடுகிறவனை நமக்குத் தெரியும். தம்பி ஓடவில்லை. மறுநாள் காலையே குழுவில் அழுகுரலில் ஒரு பதிவு: “என்னையும் ஏஜென்ட் ஏமாத்திட்டான் அக்கா, என் சொந்தக் காசு ஆறாயிரம் போச்சு.” சிலர் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்! அடுத்த வாரம், வக்கீல் ஒருவரைப் பிடித்திருப்பதாகவும் எல்லாரும் சேர்ந்து ஏஜென்ட் மேல் வழக்குப் போட ஆளுக்கு 50 வெள்ளி தேவை என்றும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். மூன்று பேர் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காசும் அதே பெண்ணின் கணக்குக்குத்தான் போனது. குறிப்பில் இந்த முறை ‘தெர்மா’ (நன்கொடை) என்று போடச் சொன்னாராம். போன காசை மீட்டுத் தருகிறேன் என்று யார் முன்பணம் கேட்டாலும் அது இரண்டாவது கொள்ளை, அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

இனி, எது உதவும், எது உதவாது என்று எங்களுக்குத் தெரியவந்ததைச் சொல்கிறேன். காசு போன உடனே சந்தேகம் வந்தால் 997க்கு அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. காசு அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். எங்களுடைய காசு கட்டிப் பல வாரம் ஆகிவிட்டதால் நேராகக் காவல் நிலையம்தான். காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால் அதன்மேல் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் ஆள் யோக்கியன் என்று அர்த்தமில்லை. முதலில் ஏமாந்தவர் நீங்களாகக்கூட இருக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று பலரும் சொன்னார்கள். 5 வெள்ளி கட்டணம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கடைக்காரர், நிறுவனம் போன்றவர்கள் மேல் போடுவதற்கு. எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு செல்லப் பெயரும், பூனைப் படம் போட்ட ஒரு புலன எண்ணும்.

தெரிந்தவரிடம் மீதி டிக்கெட் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். யாருக்காவது காய்ச்சல் வந்துவிடும், டிக்கெட் வீணாகக் கூடாது. அப்படி வாங்கினால் கோப்பையோ ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பாமல், விற்ற தளத்தின் வழியாகவே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த வசதி உள்ள தளங்களில் பழைய கியூஆர் செத்து, உங்களுக்குப் புதியது வரும். இல்லாவிட்டால் வாசலில் சந்தித்து, விற்கிறவரையும் கூட வைத்துக்கொண்டு, ஸ்கேன் ஆன பிறகு காசைக் கொடுங்கள். யோக்கியமான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தம்பியிடம் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். “என்னை நம்பலையா அண்ணே?” என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டாராம். அந்த அண்ணன் கடைசிவரை வாங்கவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை.

குழு நிர்வாகியிடம் எனக்கு வருத்தம் உண்டு. தம்பியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, “வெளிய போட்டா நம்ம பேருதான் கெடும், விட்டுடுங்க” என்று எழுதினார். சிலர் கட்டைவிரல் தூக்கினார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் அந்த மௌனத்தால் பயனடைந்தது தம்பி ஒருவர்தான்.

போன வாரம் பினாங்கில் இருக்கிற என் சித்தி மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அங்கே ஒரு தமிழ் நாடக ரசிகர் குழு, புது எண், புதுப் பெயர், அதே பூனை. ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் இருக்கிற பினாங்பேக் அரங்கில் நடக்கப்போகிற நிகழ்ச்சிக்குக் ‘கம்பெனி புக்கிங்’ கைவசம் இருக்கிறதாம். குறிப்பில் ‘மக்கான்’ என்றுதான் போட வேண்டுமாம். இந்தப் பதிவை இப்போது எழுதக் காரணம் அதுதான். அங்கே யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் ரசீதையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள், குழுவை விட்டு வெளியேறவும் அவசரப்படாதீர்கள், பழைய உரையாடல்கள் சாட்சிக்கு வேண்டும். எங்கள் புகார் எண்ணை உள்பெட்டியில் கேளுங்கள், தருகிறேன். உங்கள் ஊர் நிலையத்தில் புகார் எழுதும்போது அதையும் குறிப்பிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.