பழைய குட்டி யானையா, புதுக் காரா: எது கையைக் கடிக்கும்?

ஏழெட்டு லட்சம் போட்டுப் புதுக் கார் எடுப்பதா, இரண்டு லட்சத்துக்குள் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி, பத்து வருடப் பழைய டாடா ஏஸ் ஒன்றைப் பிடிப்பதா? வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி ஓடுகிறது. எல்லோரும் வாங்கும் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள், அது பாதிக் கணக்குகூட இல்லை.

காரின் ஷோரூம் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் ஏற்றிய விகிதப்படி, தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். 7 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 14,500-க்குச் சற்று மேல், வட்டி மட்டும் 1,70,000-ஐத் தாண்டும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது தேய்மானம்: இன்சூரன்ஸ் கணக்கில் ஐந்தாம் வருடக் கடைசியில் வண்டி மதிப்பு பாதிதான், ஆக வருடத்துக்கு 80,000 ரூபாய், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், கரைந்துகொண்டே இருக்கும்.

பழைய ஏஸில் அந்தத் தேய்மானம் முன்னவர் தலையோடு போயிற்று. டீசல் விலையும் பெட்ரோலைவிடக் குறைவு, பார்ட்ஸும் மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். ஆனால் மஞ்சள் போர்டு வண்டி என்பதால் இன்சூரன்ஸ் உதைக்கும். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில், 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 1,200 சிசி காருக்கு வருடம் 3,416 ரூபாய், 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு 16,049. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி (ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும், அதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், பிரேக், டயர் என்று ஒரே மாதத்தில் பணம் மொத்தமாகப் போகும். பதினைந்தைத் தாண்டினால் கட்டணமே பல மடங்கு, அதனால் ஆர்.சி புக்கில் வருடத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு வண்டி படுத்துவிடுகிற நாள். முகூர்த்த நேரத்தில் மல்லிகை விலை ஏறியிருக்கும்போது, விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய வண்டி கிளட்ச் போய் நடுவழியில் நின்றால், மெக்கானிக் கூலி பெரிதில்லை, பூ வாடிவிடும், வேறு வண்டி வாடகை தனி. ஏஸ் வாங்குகிறவர்கள் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கியே வைக்க வேண்டும்.

அப்படியும் வாரத்தில் நாலைந்து நாள் லோடு உறுதியாக இருந்தால் நான் ஏஸ் பக்கம்தான், ஏனென்றால் அது தன் செலவைத் தானே சம்பாதிக்கும், காரால் அது முடியாது. கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

லோடு எப்போதாவதுதான், மற்றபடி ஆஸ்பத்திரிக்கும் விசேஷத்துக்கும் என்றால் ஏஸ் வேண்டவே வேண்டாம். அழகர்கோயிலுக்குப் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. சட்டப்படியும் தப்பு, ஏதாவது நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். அதே இரண்டு லட்சத்துக்குப் பழைய கார் ஒன்று பாருங்கள், தோட்டத்துச் சரக்குக்கு அன்றன்றைக்கு வாடகை வண்டி போதும்.